கொழும்பு வெக்கையில் ஒரு பாய்ம மின்கலம்: எந்தப் பாகத்தை இங்கேயே செய்யலாம்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 மணியளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்ற செய்தி உலகமெங்கும் சுற்றியது. ஓரிடத்தில் நேர்ந்த கோளாறு நாட்டின் மின்தொகுதி முழுவதையும் ஏன் வீழ்த்தியது என்பதே இதில் கவனிக்க வேண்டிய விஷயம். அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு. வெயில் நன்றாக எறித்ததால் சூரியமின்னின் பங்கு மிக அதிகம். கனமான சுழலிகளோடு ஓடும் மின்நிலையங்கள் அந்த நேரத்தில் குறைவாகவே இயங்கின. திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் தொகுதியில் போதவில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாடு இது. மூன்றே வருடத்தில் பகல் மின்சாரத்தை வைத்துக்கொள்ள இடமில்லாத நிலைக்கு வந்துவிட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் கதை தலைகீழ். அப்போது சூரியன் இல்லை. நீர்மின்னும் நிலக்கரியும், போதாததற்கு விலை கூடிய எண்ணெயும் எரிய வேண்டும். பகல் 12 மணி வெயிலை இரவு 8 மணிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இலங்கை மின்துறையின் இன்றைய பெரிய வேலை.

அதற்கு வழிகள் பல. மிச்ச மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவையானபோது இறக்கி மின் எடுக்கும் மகா ஓயா நீரேற்றுத் திட்டம் அரநாயக்கவை ஒட்டி 600 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்டிருக்கிறது. லிதியம் மின்கலத் தொகுதிகளும் வந்துகொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுரை மூன்றாவது வழியொன்றைப் பற்றியது: ஃப்ளோ பற்றரி எனப்படும் பாய்ம மின்கலம். இதை முழுதாக இறக்குமதி செய்வதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இதன் பாகங்களை இங்கே வடிவமைத்து, சிறிய அளவில் செய்து பார்ப்பதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஏனென்றால் பாய்ம மின்கலத்தில் வேதியியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் எல்லாம் போய்விடும். பாகங்கள்தான் இங்கே தீர்ப்புச் சொல்லும். அந்தப் பாகங்களில் பல, கொழும்பின் பட்டறைகளுக்கு எட்டாதவை அல்ல.

தொட்டி வேறு, கலம் வேறு

சாதாரண பற்றரியில் சக்தியைச் சேமிக்கும் பொருளும் மின்சாரம் உண்டாகும் மின்வாயும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பாய்ம மின்கலத்தில் இரண்டும் பிரிந்திருக்கும். சக்தியைச் சுமக்கும் கரைசல், அதாவது மின்பகுபொருள், வெளியே இரண்டு தொட்டிகளில் நிற்கும். பம்பிகள் அதை ஒரு கலத்துக்குள் செலுத்தும். நடுவில் மெல்லிய சவ்வு. அதன் இரு புறமும் காபன் மின்வாய்கள். ஒரு பக்கக் கரைசல் ஒட்சியேற்றப்படும்போது (இலத்திரனை இழக்கும்போது) மறு பக்கம் தாழ்த்தப்படும் (இலத்திரனைப் பெறும்). இலத்திரன்கள் வெளிக்கம்பி வழியாகப் போகும், அயன்கள் சவ்வு வழியாகக் கடக்கும். மண்ணெண்ணெய் விளக்கில் எவ்வளவு வெளிச்சம் என்பதைத் திரியின் அகலமும், எவ்வளவு நேரம் என்பதை எண்ணெயின் அளவும் தீர்மானிப்பது போல, இங்கே கலத்தின் பரப்பு வலுவைத் தீர்மானிக்கிறது, தொட்டியின் கொள்ளளவு நேரத்தைத் தீர்மானிக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் கரைசலை மட்டும் கூட்டினால் போதும்.

1970களில் நாசாவில் லோரன்ஸ் தாலர் இரும்பு-குரோமியக் கரைசல்களோடு இந்த வழியில் வேலை செய்தார். இரு பக்கமும் வெவ்வேறு உலோகம் என்பதால், சவ்வைக் கடந்து ஒன்றோடொன்று கலக்கும்போது கரைசல் கெட்டுப்போனது. 1980களின் நடுவில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸின் குழு இதற்கு அழகான தீர்வு கண்டது: இரு பக்கமும் வனேடியமே இருக்கட்டும். வனேடியம் நான்கு ஒட்சியேற்ற நிலைகளில், இரண்டாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை, கரைசலில் நிற்கும். ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சவ்வைக் கடந்தாலும் கொள்ளளவு தற்காலிகமாகக் குறையுமே தவிர, கரைசல் நிரந்தரமாகக் கெடாது. இரண்டு தொட்டியையும் கலந்து திரும்பச் சமப்படுத்தலாம். சீனாவின் டாலியனில் 2022இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி நிலையம் இந்த வேதியியலில்தான் ஓடுகிறது.

ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வனேடியக் கரைசல் லீற்றருக்கு ஏறத்தாழ 25 வாட்-மணி சேமிக்கும். 10 கிலோவாட்-மணி வேண்டுமென்றால் 400 லீற்றர், பக்கத்துக்கு 200 லீற்றர். அமிலக் கரைசல் தண்ணீரை விடக் கனம் என்பதால் மொத்தம் 500 கிலோவைத் தாண்டும். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பின் பல்கனியில் வைக்கக்கூடிய சாமான் இல்லை இது. தொழிற்சாலை, வைத்தியசாலை, பாடசாலை, உப மின்நிலையம், தீவுக் கிராமம் என்று நிலத்தில் இடமுள்ள இடத்துக்கே பொருந்தும்.

பாகங்களும் அவற்றின் பிடிவாதங்களும்

கலத்தை அவிழ்த்துப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தகடுகள். இரு ஓரத்திலும் தடித்த முடிவுத் தகடு, அடுத்து செப்பு மின்சேகரிப்பி, பிறகு காரீயத்தால் (கிராபைட்டால்) ஆன, அடுத்த கலத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் இருமுனைத் தகடு, கரைசல் ஓடும் சட்டகம், அதற்குள் மின்வாயாக வேலை செய்யும் காபன் ஃபெல்ட் என்ற இழைத்துணி, நடுவில் சவ்வு. திரும்பவும் அதே வரிசை. ஒரு கலம் தருவது சுமார் 1.26 வோல்ட் மட்டுமே. 48 வோல்ட் இன்வேர்ட்டருக்கு ஏறக்குறைய 40 கலங்களை அடுக்க வேண்டும். ஒரு கலத்துக்கு இரண்டு பக்கச் சட்டகம் என்று எடுத்தால் 80 இடத்தில் கசிவு அடைப்பு வேண்டும். அதில் ஒன்று தோற்றாலும் அமிலம் தரையில் ஓடும்.

சவ்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை நாம் இப்போதைக்கு வாங்கத்தான் வேண்டும். நாஃபியன் என்ற புளோரின் கலந்த பொலிமர் சவ்வுதான் நெடுங்காலமாக அளவுகோலாக இருந்து வருகிறது. நல்ல சவ்வு, ஆனால் விலை கடுமை. தடித்ததை எடுத்தால் தடை கூடும், மெல்லியதை எடுத்தால் வனேடியம் கடந்து போகும். நாஃபியன் 117 ஏறத்தாழ 183 மைக்ரோன், நாஃபியன் 212 ஏறத்தாழ 51 மைக்ரோன். எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை கொடுத்தே ஆகவேண்டும்.

ஃபெல்ட் விஷயத்தில் நம்மவர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. காரீயம் நம்மிடமே இருக்கிறதே, மின்வாயை இங்கேயே செய்யலாமே என்று. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டப்படுவது உலகில் மிக அரிதான நரம்புக் காரீயம். காபன் தூய்மை 95 முதல் 99 வீதம் வரை போகும். ஆனால் காபன் ஃபெல்ட் சுரங்கத்திலிருந்து வருவதில்லை. பொலிஅக்ரிலோநைத்திரில், ரேயோன் போன்ற இழைகளைக் காற்றில்லாத உயர் வெப்பத்தில் காபனாக்கி எடுப்பது அது. அந்த உலைக்கு நாம் இப்போதைக்கு ஆசைப்படத் தேவையில்லை. வாங்கிய ஃபெல்ட்டைப் பக்குவப்படுத்துவது மட்டும் நம் கைக்குள் இருக்கிறது. 400 பாகை செல்சியசில், காற்றுள்ள உலையில் பல மணி நேரம் வைத்தால் இழைகளின் மேற்பரப்பில் ஒட்சிசன் கூட்டங்கள் உண்டாகும். தண்ணீரை ஒட்டவிடாத ஃபெல்ட் அதன் பின் கரைசலை நன்றாக உறிஞ்சும், தாக்கமும் வேகமாகும். ஒரு மட்பாண்டச் சூளைக்காரரிடமோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ இருக்கும் உலையே இதற்குப் போதும்.

நமது காரீயத்துக்கு உண்மையான இடம் இருமுனைத் தகட்டில்தான். காரீயத் தூளைப் பொலிப்புரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கோடு கலந்து, சூடான அச்சில் அழுத்தினால் மின்கடத்தும் தகடு கிடைக்கும். காரீயம் கூடினால் கடத்தல் கூடும், ஆனால் தகடு நொறுங்கும். பிளாஸ்டிக் கூடினால் உறுதி கூடும், தடையும் கூடும். நுண்துளை இருந்தால் அமிலம் கசிந்து செப்புத் தகட்டைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு கரைசல் செப்பால் மாசுபடும். இந்த மூன்றுக்கும் நடுவில் சரியான கலவையைத் தேடுவது மாணவர் ஒருவரின் ஆய்வுக்கு அருமையான தலைப்பு. ஹோமாகம பிட்டிபனையில் ஸ்லின்டெக் என்ற நனோதொழில்நுட்ப நிறுவகம் உள்ளூர்க் காரீயத்திலிருந்து கிராபீன் எடுக்கும் வேலை செய்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொலிமர் பொறியியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்லாகவும் தூளாகவும் கப்பலேறிய பொருள், அழுத்திய தகடாகப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

அடுத்து சட்டகம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் பலகை. வடிவமைப்பாளரின் மூளை அதிகம் செலவாவது இங்கேதான். 40 கலங்களுக்கும் ஒரே குழாயிலிருந்து கரைசல் போகிறது. கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். முதல் கலத்துக்கும் கடைசிக் கலத்துக்கும் இடையில் 50 வோல்ட் வித்தியாசம் இருக்கும்போது, அந்தக் கரைசல் வழியாகவே கள்ள மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சேமித்த சக்தி யாருக்கும் பயன்படாமல் வெப்பமாகப் போகும். தடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கலத்துக்கும் போகும் வாய்க்காலை ஒடுக்கமாகவும் நீளமாகவும் வளைத்து வளைத்துச் செதுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பம்பி அதிகம் தள்ள வேண்டும், அதுவும் சக்தி இழப்பே. வாய்க்காலின் அகலத்தையும் நீளத்தையும் தீர்மானிப்பது இந்த இரண்டு இழப்பின் கூட்டுத்தொகை. கணினியில் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனாலும் ஒரு சட்டகத்தைச் செதுக்கி, நிறத்தண்ணீர் ஓட்டி, எந்த மூலையில் தேங்குகிறது என்று கண்ணால் பார்க்கும்போது புரிவது வேறு.

அந்தச் சோதனைக்கு அக்ரிலிக் நல்லது. ஒளி ஊடுருவும், பெயர்ப்பலகை செய்யும் கடைகளின் லேசர் இயந்திரத்தில் வெட்டலாம். நீண்டகாலப் பாவனைக்கு அது ஆகாது; போல்ட் இறுக்கும் இடத்தில் மயிர்க்கோடாக வெடிக்கும். பிவிசி பலகை அமிலத்தைத் தாங்கும், ஆனால் அதை ஒருபோதும் லேசரில் வெட்டக் கூடாது. ஐதரசன் குளோரைட்டு வாயு கிளம்பும். மனிதருக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடித்துப் போகும். பிவிசியைக் கட்டரால்தான் செதுக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் எடுப்பதென்றால், எல்லோரும் வைத்திருக்கும் பிஎல்ஏ இழை வடிவத்தைச் சரிபார்க்க மட்டும். பொலிப்புரொப்பிலீன் இழைதான் இரசாயனத்தைத் தாங்கும். அது அச்சுப் படுக்கையில் ஒட்டாமல் சுருண்டு எழும்பும். பொலிப்புரொப்பிலீன் பொதிநாடாவைப் படுக்கையில் ஒட்டி அதன்மேல் அச்சிட்டால் பிடிக்கும். அடுக்குகளுக்கு இடையில் ஊசித்துளை விழாமலிருக்கச் சுவரைத் தடிப்பாக்கி, பிளாஸ்டிக்கைச் சற்றுக் கூடுதலாக ஓடவிட வேண்டும்.

ரப்பர் நாடு என்ற பெயர் நமக்கு இருக்கிறது, அப்புறம் ஏன் கசிவு அடைக்கும் காஸ்கட்டுக்குக் கவலை என்று கேட்கலாம். முழுதாக ஏற்றப்பட்ட வனேடியக் கரைசல் பலமான ஒட்சியேற்றி. இயற்கை ரப்பரை அது மெல்ல மெல்லக் கடினமாக்கி வெடிக்கச் செய்யும். அங்கே ஈபிடிஎம், வைற்றன் போன்ற செயற்கை ரப்பர் வேண்டும். பின்னால் சொல்லப்போகும் இரும்புக் கலத்தின் குளோரைட்டுக் கரைசலில் இயற்கை ரப்பருக்கு வாய்ப்பு இருக்கிறது; ஐதரோகுளோரிக் அமிலத் தொட்டிகளின் உட்பூச்சாக அது தொழிற்சாலைகளில் நெடுங்காலம் பயன்பட்டதுதான். ஒரு துண்டை வெட்டி, நிறுத்து, கரைசலில் ஊறப்போட்டு, சில கிழமைக்குப் பிறகு எடுத்து நிறையையும் கடினத்தையும் திரும்ப அளந்தால் பதில் கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் வாகனங்களுக்காக விற்கும் ரப்பர் தாள்களை இப்படி ஒன்றொன்றாகச் சோதித்து யாராவது ஒரு பட்டியல் போட்டால், பின்னால் வருகிற எல்லோருக்கும் அது பெரிய உதவி.

வெயில் வடிவமைப்புக்குள் வருகிறது

வெளிநாட்டு வடிவமைப்பை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாமல் செய்வது வெப்பம். சல்பூரிக்கமிலத்தில் கரைந்த வனேடியம் 10 முதல் 40 பாகைக்குள் அமைதியாக இருக்கும். 40ஐத் தாண்டி நின்றால், நேர்ப்பக்கத் தொட்டியில் இருக்கும் ஐந்தாம் நிலை வனேடியம் ஒட்சைட்டாக வீழ்படியும். அந்தச் சேறு ஃபெல்ட்டை அடைத்துவிடும். கொழும்பின் நிழல் வெப்பநிலை 31, 32 பாகை என்றால் பரவாயில்லைப் போலத் தோன்றும். தகரக் கூரையின் கீழ், காற்றோட்டம் இல்லாத அறையில், கலம் தன் இழப்பால் சூடாக்கிய கரைசல் 40ஐத் தொட அதிக நேரம் எடுக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சூரியமின்னால் ஏற்றும் தொகுதியில் ஐந்தாம் நிலை வனேடியம் அதிகபட்சமாக இருப்பது பிற்பகலில். நாளின் மிகச் சூடான நேரமும் அதுவே. இரண்டும் ஒரே மணித்தியாலத்தில் வந்து சந்திக்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. தொட்டியை முழுதாக ஏற்றாமல் எண்பது வீதத்தோடு நிறுத்தலாம். செறிவைக் குறைக்கலாம், ஆனால் தொட்டி பெரிதாகும். அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடம் 2011இல் காட்டியது போல, சல்பேற்றோடு குளோரைட்டையும் கலந்தால் எல்லை 50 பாகை வரை நீளும். தொட்டியைக் கீழ்த்தளத்தில், சுவர் நிழலில் வைப்பது எல்லாவற்றிலும் மலிவு. நுவரெலியாவில் இதே கரைசலுக்கு எதிர்ப் பிரச்சினை வரும்; அங்கே குளிர் இரவில் மறுபக்கத் தொட்டி வீழ்படியலாம்.

வெப்பம் பிளாஸ்டிக்கையும் விடாது. இறுக்கிய சட்டகம் நாள்பட மெல்ல நெகிழும், போல்ட் தளரும், கசிவு தொடங்கும். அதனால் போல்ட்டுக்குக் கீழே வட்டு வில் வோஷர் போடுகிறார்கள்; பிளாஸ்டிக் எவ்வளவு பின்வாங்கினாலும் வில் தொடர்ந்து அழுத்தும். முடிவுத் தகடு மெல்லியதாக இருந்தால் ஓரம் இறுகி நடு வீங்கும், ஃபெல்ட்டுக்கும் காரீயத் தகட்டுக்கும் தொடுகை குறையும். ஃபெல்ட் தன் தடிப்பில் நாலில் ஒரு பங்கு அளவு அமுங்க வேண்டும்: 4.6 மில்லிமீற்றர் ஃபெல்ட்டை 3.5க்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் தடை, கூடினால் கரைசல் ஓடாது.

எங்கே தொடங்குவது

வனேடியத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. விலை கூட, டொலரில் வரும், அமிலமும் கடுமை. நாகம் (துத்தநாகம்)-அயடைட்டுக் கரைசல் முதல் மாதிரிக்கு ஏற்றது. நாகக் குளோரைட்டும் பொற்றாசியம் அயடைட்டும் தண்ணீரில் கரைந்தால் ஏறத்தாழ 1.3 வோல்ட் தரும் கலம் கிடைக்கும். விலை கூடிய சவ்வு இல்லாமல் நுண்துளைத் தாளோடும் இது ஓடும். திறந்த வன்பொருள் ஆர்வலர்கள் ஐரோப்பாவில் இந்த வேதியியலில்தான் மேசைமேல் கலங்களைச் செய்து பகிர்கிறார்கள். அயடீன் கறைபடியும், ஆவி கண்ணை உறுத்தும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முழு இரும்புக் கலம் இன்னும் மலிவு. அதில் மறை (எதிர்முனை) பக்கத்தில் ஐதரசன் கிளம்புவதையும், அமிலத்தன்மை மாறி மஞ்சள் சேறு படிவதையும் சமாளிக்க வேண்டும். இந்த இரண்டிலும் உலோகம் மின்வாயில் படிவதால், தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் நேரம் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொருட்களைத் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணுச் சாமான்கள், பழைய சோனகத் தெருவில் போல்ட், நட்டு, குழாய் வகைகள். பம்பிதான் யோசிக்க வைக்கும். கரைசல் தொடும் இடத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கரையும் இரும்போ செப்போ ஐதரசனைக் கிளப்பிவிடும். காந்தச் சுழலியும் செரமிக் அச்சும் உள்ள மீன்தொட்டிப் பம்பி மென்மையான கரைசலுக்கு ஆரம்பத்தில் சரிவரும், ஆனால் ஃபெல்ட் வழியே தள்ள அதன் அழுத்தம் போதாமல் போகலாம். சிலிக்கோன் குழாய் ஒட்சிசனை உள்ளே விடும் என்பதால் நீண்ட சோதனைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் கலத்துக்கு ஒரு தீப்பெட்டி அகல மின்வாய் போதும். முதலில் வெறும் தண்ணீர் ஓட்டி, சுற்றிவரக் காகிதத்தாளை வைத்து ஓர் இரவு விட வேண்டும். தாள் நனையவில்லை என்றால் மட்டும் கரைசல். பிறகு ஏற்றி இறக்கி இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஏற்றிய மின்னேற்றத்தில் எத்தனை வீதம் திரும்பி வந்தது என்பது ஒன்று; அது குறைந்தால் சவ்வையும் கசிவையும் சந்தேகிக்கலாம். இறக்கும் வோல்ட்டேஜை ஏற்றும் வோல்ட்டேஜால் வகுப்பது மற்றது. அது குறைந்தால் தொடுகையும் ஃபெல்ட்டும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிஅம்பியர் ஓடும் கலத்தின் பரப்புத் தடை 1.5 ஓம்-சதுர சென்ரிமீற்றர் என்றால் இழப்பு 0.15 வோல்ட். திறந்த சுற்றில் 1.35 வோல்ட் காட்டும் கலத்தை 1.50இல் ஏற்றி 1.20இல் இறக்குவீர்கள், விகிதம் 80 வீதம். இரண்டு வீதத்தையும் பெருக்கினால் வருவதுதான் சக்தித் திறன். அதைத் தவிர வேறு எந்த எண்ணைக் காட்டினாலும் நம்பாதீர்கள்.

லிதியத்தோடு போட்டி கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எரிசக்திச் சந்தையை ஆராயும் புளூம்பேர்க் என்இஎஃப் கணக்குப்படி 2024இல் லிதியம் மின்கலப் பொதியின் சராசரி விலை கிலோவாட்-மணிக்கு 115 டொலருக்கு இறங்கியது. நான்கு மணி நேரச் சேமிப்பை நாளைக்கே நிறுவ வேண்டுமென்றால் மின்சார சபை லிதியத்தை வாங்குவதுதான் நியாயம். பாய்ம மின்கலத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீர்க் கரைசல் தீப்பிடிக்காது, ஆழமாக இறக்கினாலும் வனேடியக் கரைசல் தேயாது, பழுதான சட்டகத்தையோ பம்பியையோ தனியாகக் கழற்றி மாற்றலாம். கழற்றி மாற்றக்கூடிய பொருளுக்குத்தான் உள்ளூர்ப் பட்டறை தேவைப்படும். 2022இல் டொலர் இல்லாமல் உதிரிப்பாகத்துக்குத் தவித்த நாட்டில், இந்த ஒரு வேறுபாட்டை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியமின், 530 கிலோவாட் காற்றாலையோடு 2,400 கிலோவாட்-மணி மின்கலமும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. தேசிய மின்தொகுதியோடு இணையாத இப்படிப்பட்ட இடங்களில், படகில் ஏற்றி இறக்கக்கூடிய, அங்கேயே பிரித்துப் பூட்டக்கூடிய சின்னத் தொகுதி ஒன்றுக்கு வேலை இருக்கும். அதற்கு முன் கொழும்பில் செய்துவிடக்கூடிய சோதனை ஒன்று உண்டு, பெரிய காசும் தேவையில்லை. வெவ்வேறு செறிவில் ஏற்றிய கரைசலைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, 35, 40, 45 பாகையில் வைத்து, எது எத்தனையாவது நாளில் கலங்குகிறது என்று எழுதி வைப்பது. பக்கத்தில் இன்னொரு வரிசைக் குப்பிகளில் ரப்பர்த் துண்டுகளும் காரீயத் தகட்டுத் துண்டுகளும் ஊறலாம். சட்டகத்தின் வாய்க்காலை வரையத் தொடங்கும் முன்பே, எந்தச் செறிவுக்கு வரைகிறோம், எந்த ரப்பரை நம்புகிறோம் என்பது அந்தக் குறிப்பேட்டில் இருக்கும்.